எட்டாம் மாடிக்குச் சுடச்சுட

வீடு காட்ட வந்த தரகருக்கு ஐந்தாம் மாடியில் பேச்சு நின்றுபோனது. அதுவரை "மேல காத்து எப்படி அடிக்கும் தெரியுமா, ஃபேனே வேணாம்" என்று அளந்துகொண்டே வந்தவர், ஏழாம் மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து சாவியை மட்டும் நீட்டினார். ஒலிந்தா சிவாம்போ அதை வாங்கிக்கொண்டு மீதிப் படிகளைத் தானே ஏறினாள். லிஃப்ட் பதினோரு வருடமாக மூன்றாம் மாடியிலேயே நின்றுகொண்டிருந்தது. அதற்குள் யாரோ வெங்காய மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

பால்கனிக் கதவைத் தள்ளினாள். மபூட்டோ துறைமுகம் மொத்தமும் கண் முன்னால் கிடந்தது. கரையோரம் வரிசையாக நின்ற கிரேன்களில் இடமிருந்து மூன்றாவது, திங்கட்கிழமையிலிருந்து அவளுடையது.

வடக்கே பெய்ரா துறைமுகத்தில் பத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவள் ஒலிந்தா. உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடி, முப்பது டன் பெட்டிகளைக் கப்பலிலிருந்து தூக்கி லாரிமேல் வைப்பது வேலை. வேலை முடிந்தால் அக்கா வீட்டின் பின்னறை. அங்கே அக்காவின் நான்கு பிள்ளைகளின் புத்தகப் பைகளுக்கும் அத்தானின் மீன் வலைகளுக்கும் மிச்சமான இடத்தில்தான் அவள் கட்டில். தனக்கென்று ஒரு வாசற்கதவு வாய்க்க முப்பத்தொன்பது வயதாகிவிட்டது. லிஃப்ட் ஓடாத வீடு என்பதால்தான் அது அவள் கைக்கு எட்டியது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பழகிய உயரம்தான். உடம்பு லேசானது.

சனிக்கிழமை குடி வந்தாள். கட்டிலையும் ஃபிரிட்ஜையும் சுமந்து வந்த நான்கு பேரும் நாலு மணிக்கு வாங்கிய கூலியை எண்ணக்கூடத் தெம்பில்லாமல் இறங்கிப் போனார்கள். காஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை. பெட்டிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தவளுக்கு அப்போதுதான் அந்த வாசனை எட்டியது. கரி நெருப்பில் கோழி. பூண்டும் எலுமிச்சையும் பிரிபிரி மிளகாயும் தடவி, கொழுப்பு சொட்டச் சொட்ட வாட்டுகிற வாசனை. காலையிலிருந்து ஒன்றும் விழாத வயிறு அவளைத் தூக்கி நிறுத்தியது.

நேர் கீழே நடைபாதையில், பாதியாக அறுத்த இரும்பு டிரம்மில் கனல் போட்டுக் கோழி வாட்டிக்கொண்டிருந்தாள் ஸைதா. தலையில் மஞ்சள் துணி, கையில் தூரிகை, வாயில் ஓயாத பேச்சு.

"புதுசா? எந்த மாடி?"

"எட்டு."

ஸைதா தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ தாயே! உனக்கு ஒண்ணு சொல்றேன் கேளு. இங்கயே ஸ்டூல் போட்டுத் தரேன், உக்காந்து தின்னுட்டுப் போ. எட்டாம் மாடி போறதுக்குள்ள கோழி ரெண்டாவது தடவை செத்துரும்."

"என் வீட்டுல மொத சாப்பாடு அக்கா இது. என் வீட்டுல உக்காந்துதான் தின்னணும்."

"அப்படின்னா நிக்காத. ஓடு!"

ஒலிந்தா ஓடினாள். மூன்று மாடி ஓடினாள், இரண்டு மாடி நடந்தாள், மூன்று மாடி கைப்பிடியைப் பிடித்து உடம்பை இழுத்தாள். மேலே போய்ப் பொட்டலத்தைப் பிரித்தால், உருளைக்கிழங்கு வறுவல் ஆவியில் நனைந்து தொய்ந்து கிடந்தது. கோழியின்மேல் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருந்தது.

"கோழியோட வந்தது யாரு?"

எதிர்க் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரலில் படிக்கட்டே ஒரு முறை அதிர்ந்தது. கதவு திறந்தது. குரலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒல்லியான அம்மாள் ஒருத்தி ஊன்றுகோலில் நின்றிருந்தாள். எல்லாரும் மரியாதைக்கு 'டோனா' சேர்த்துக் கூப்பிடும் ஃபெலிஸ்மினா. ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் வண்டி வருகிறது, போகிறது என்று அறிவித்தவள். ஒலிபெருக்கி பழுதான நாட்களிலும் மூன்று நடைமேடைக்கும் கேட்கும்படி சொன்னவள் என்று பெயர். குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு படியிறங்குவது முடியாமல் போயிற்று. பதினான்கு மாதமாக இந்த மாடிதான் உலகம்.

"மன்னிச்சுக்கோம்மா, வாசனைக்குக் கதவத் தொறந்துட்டேன்" என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு. "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம அண்ணன் மகன் வாங்கிட்டு வருவான். ரெண்டு பஸ்ஸு மாறி, எட்டு மாடி ஏறி. வர்றப்ப மரக்கட்டை மாதிரி இருக்கும். சூடு பண்ணா செருப்பு மாதிரி ஆயிரும். அவன்கிட்ட நல்லா இருக்குன்னுதான் சொல்லுவேன், பாவம்."

ஒலிந்தா ஆறிப்போன கோழியை இரண்டாகப் பிய்த்தாள். இருவரும் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். டோனா ஃபெலிஸ்மினா ஒவ்வொரு வாய்க்கும் "நல்லா இருக்கு" என்றாள். அந்தச் சொல்லின் மதிப்பு இப்போது ஒலிந்தாவுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை கூண்டில் ஏறினாள். முதல் பெட்டியைத் தூக்கி, காற்றில் ஒரு முழம்கூட ஆடவிடாமல் லாரிமேல் வைத்தாள். கீழே நின்ற மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். இருநூறாவது பெட்டி தூக்கும்போது அவளுக்குக் கோபம் வந்தது. நாளெல்லாம் முப்பது முப்பது டன்னாகத் தூக்குகிறவளால் ஒரு கோழியை எட்டாம் மாடிக்குத் தூக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஒரு பிளாஸ்டிக் வாளியும் முப்பது மீட்டர் கயிறும் வாங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் டோனா ஃபெலிஸ்மினா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு பால்கனிக்கே வந்துவிட்டாள்.

"ஸைதா!" என்று ஒரு குரல் கொடுத்தாள். தெருவே நிமிர்ந்தது. சிக்னலில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. "எட்டாம் மாடிக்கு முழுக்கோழி ஒண்ணு! காரம் தூக்கலா!"

"யாரு, டோனா ஃபெலிஸ்மினாவா?" கீழேயிருந்து ஸைதா கத்தினாள். "நீ இன்னும் இருக்கியா! செத்துட்டேன்னு சொன்னானுங்களே!"

"பசியில சாகப்போறேன், சீக்கிரம் போடு!"

வாளியில் கோழியும் ஒரு கிண்ணம் பிரிபிரிக் குழம்பும் ஏறின. ஒலிந்தா கயிற்றை இழுத்தாள். இரண்டாம் மாடிவரை ஒழுங்காக வந்தது. மூன்றாம் மாடியைத் தாண்டும்போது கடற்காற்று வாளியைச் சுற்றிவிட்டது. வாளி பம்பரமாகச் சுழன்று நான்காம் மாடித் துணிக்கொடியில் போய் மாட்டி ஒரேயடியாகக் கவிழ்ந்தது. பிரிபிரிக் குழம்பு மூன்று வெள்ளைச் சட்டைகளில் வழிந்தது. கோழி தெருவில் விழுந்தது. எங்கிருந்தோ வந்த நாய் அதைக் கவ்விக்கொண்டு திரும்பிப் பாராமல் போயிற்று.

நான்காம் மாடிப் பால்கனியில் ஒரு வழுக்கைத் தலை நீண்டது. மெல்ல மேல்நோக்கித் திரும்பியது. குடியிருப்போர் சங்கத் தலைவர் அபிலியோ கோசா. குமாஸ்தா வேலைக்கு இருபத்தேழு வருடமாக வெள்ளைச் சட்டை தவிர வேறு போட்டறியாதவர்.

அவர் சத்தம் போடவில்லை. மறுநாள் காலை படிக்கட்டுச் சுவரில் தட்டச்சு செய்த தாள் ஒட்டியிருந்தது. பால்கனியிலிருந்து எந்தப் பொருளையும் கயிற்றில் ஏற்றவோ இறக்கவோ கூடாது. இதுபற்றிப் பேச ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம்.

ஒலிந்தா மூன்று சட்டைகளையும் கேட்டு வாங்கிப் போனாள். ஓர் இரவு ஊறவைத்து, எலுமிச்சை தேய்த்து, வெளுத்து, இஸ்திரி போட்டு மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அபிலியோ காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கறைகூட இல்லை.

"நல்லா வெளுத்திருக்க" என்றார். "ஆனா சட்டை வேற, சட்டம் வேற. நாளைக்குக் கீழ போற குழந்த தலைல எதாவது விழுந்தா நீ பதில் சொல்வியா, நான் பதில் சொல்லணுமா?"

ஒலிந்தா தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள். அவர் சொன்னதில் தப்பில்லை என்று படியேறும்போது நினைத்தாள். ஆடுகிற சுமையைத் தூக்குவதைத் துறைமுகத்தில் யாராவது செய்தால் அவளே அவனைக் கீழே இறக்கியிருப்பாள். பசியும் அவசரமும் அவள் தொழிலை மறக்கடித்துவிட்டன. இனி அதைத் தொழில் தெரிந்தவள் செய்கிற மாதிரி செய்ய வேண்டும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து மீன் சந்தைக்குப் போனாள். பழைய படகு ஒன்றிலிருந்து கழற்றிய கைச்சுழற்சி உருளை கிடைத்தது. கைப்பிடியைச் சுற்றினால் கயிறு ஏறும், விட்டால் பற்கள் கடித்துக்கொண்டு நிற்கும். துரு சுரண்டி எண்ணெய் விட்டாள். சனிக்கிழமை முழுவதும் பால்கனியில் வேலை நடந்தது. கனத்த இரும்புக் குழாயைச் சுவரோடு சுவராக நான்கு போல்ட்டுகளால் இறுக்கி, வெளியே நீண்ட அதன் நுனியில் கப்பி பூட்டினாள். குழாயிலிருந்து இரண்டு கம்பிகளைத் தொங்கவிட்டு, ஸைதா கடையின் ஓரத்தில் சிமெண்ட் ஊற்றி நிறுத்திய டிரம்மில் அவற்றின் கீழ்முனைகளை முறுக்கி இழுத்துக் கட்டினாள். வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றன. வாளிக்குப் பதிலாக மூடியுள்ள பிரம்புக் கூடை. அதன் இரு பக்கமும் இரண்டு வளையங்கள், கம்பிகளில் கோத்தவை. ஏறுவதும் இறங்குவதும் மட்டுமே அதற்குச் சாத்தியம். ஆடவும் முடியாது, சுழலவும் முடியாது.

"உன் கிரேன் என் தலைல விழாதே?" என்று கேட்டாள் ஸைதா, கம்பியை விரலால் சுண்டிப் பார்த்து.

"கூடை அசையும்போது யாரும் அதுக்குக் கீழ நிக்கக் கூடாது அக்கா. நீயே நின்னாலும் தூக்க மாட்டேன்."

"அடேங்கப்பா. என் புருஷன் இவ்வளவு கண்டிஷன் போட்டதில்ல."

ஞாயிறு பத்து மணிக்கு வாசல் கூடத்தில் முப்பது பேருக்குமேல் கூடிவிட்டார்கள். பாதிப் பேர் நியாயம் கேட்க வந்தவர்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க. அபிலியோ தாளைப் படித்தார். முதல் மாடிக்காரர் ஒருவர், "கயித்துல கோழி வேணும்னா, எட்டாம் மாடிக்கு ஏன் குடி வந்தா?" என்றார். சிலர் சிரித்தார்கள். ஆறாம் மாடியில் கைக்குழந்தை வைத்திருக்கும் பெண் மட்டும், "உனக்கென்ன, நாலு படி ஏறுனா வீடு" என்று அவரைத் திருப்பி வெட்டினாள்.

ஒலிந்தா முன்னால் வந்தாள்.

"தலைவர் சொல்றது சரி. செவ்வாக்கெழம நான் செஞ்சது மடத்தனம். நான் கிரேன் ஓட்டறவ. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இப்ப வேற மாதிரி கட்டியிருக்கேன். வாய்ல சொல்லி நம்ப வைக்க வேணாம், எல்லாரும் பாருங்க. ஸைதா அக்கா ஒரு கிண்ணத்துல விளிம்பு வரைக்கும் பிரிபிரிக் குழம்ப ஊத்தட்டும். மூடி போட வேணாம். எட்டு மாடியும் தூக்கறேன்." அபிலியோவின் பக்கம் திரும்பினாள். "உங்க வெள்ளச் சட்டைய அதே கொடில போடுங்க சார். அதுல ஒரு பொட்டு விழுந்தா நானே எல்லாத்தையும் கழட்டிடறேன்."

கூட்டம் "ஓ!" என்றது. அபிலியோ அவளை ஒரு கணம் ஊன்றிப் பார்த்தார்.

"எந்தச் சட்டை?"

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எதுவோ அது."

அவர் மாடிக்குப் போனார். மகள் கல்யாணத்துக்குத் தைத்த சட்டையைக் கொண்டுவந்து கொடியில் போட்டு, இரண்டு கிளிப் குத்தினார். பிறகு யாரும் எதிர்பாராதபடி, "நான் மேல இருந்து பாக்கறேன்" என்று எட்டாம் மாடிக்கு ஏறத் தொடங்கினார். ஐந்தில் ஒரு தடவையும் ஏழில் ஒரு தடவையும் நின்றார். "இதையா தெனம் ஏறுற?" என்று பின்னால் வந்த ஒலிந்தாவிடம் கேட்டார். அதற்குமேல் பேச அவருக்கு மூச்சில்லை.

கீழே ஸைதா கிண்ணத்தைக் கூடையில் வைத்து, சிவந்த குழம்பை ஊற்றினாள். விளிம்பில் அது பிதுங்கி நின்றது. கூடையின் மூடியைத் திறந்தே விட்டாள். தெருவில் போனவர்களும் நின்றார்கள். ஒரு பஸ் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்.

"விலகுங்க! கீழ யாரும் நிக்காதீங்க!" என்றாள் ஒலிந்தா. எல்லாரும் விலகியதைப் பார்த்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள்.

கூட்டத்தில் நடந்ததையெல்லாம் ஒலிந்தாவிடம் கேட்டு வைத்திருந்த டோனா ஃபெலிஸ்மினா தொண்டையைக் கனைத்தாள். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கி, ஒரு கையால் பால்கனிக் கம்பியைப் பற்றி நிமிர்ந்தாள். பதினான்கு மாதமாக எங்கேயோ ஒளிந்திருந்த பழைய குரல் முழுதாக வெளியே வந்தது.

"பயணிகளின் கவனத்திற்கு! எட்டாம் மாடி வரை செல்லும் காரக் குழம்பு விரைவு வண்டி, தரைத்தளத்திலிருந்து புறப்படுகிறது!"

தெரு வெடித்துச் சிரித்தது. கூடை ஏறியது.

"வண்டி முதல் மாடியைக் கடக்கிறது! முதல் மாடியில் நிற்காது! அங்கே இருப்பவர்களுக்கு நாலு படிதான்!"

ஆறாம் மாடிப் பெண் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக் கைகொட்ட வைத்தாள்.

"வண்டி இரண்டாம் மாடியைக் கடக்கிறது! ... மூன்றாம் மாடி!"

கடற்காற்று அப்போது வந்தது. ஒலிந்தாவின் காதோர மயிர் எழுந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கைப்பிடியை நிறுத்தினாள். பற்கள் கடித்துக்கொண்டன. நான்காம் மாடிச் சட்டை காற்றில் உப்பி, இரண்டு கைகளையும் விரித்து, கூடையைக் கட்டிப்பிடிக்கப் பாய்வது போல் வந்தது. கூடைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண். கம்பிகள் 'உம்ம்' என்று முனகின. டோனா ஃபெலிஸ்மினா அறிவிப்பைப் பாதியில் நிறுத்தினாள். ஒலிந்தா உள்ளங்கையில் கயிற்றின் துடிப்பை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். துடிப்பு அடங்கியது. சட்டை தளர்ந்து கொடிக்குத் திரும்பியது. அவள் ஒரு பல், இன்னொரு பல் என்று சுற்றத் தொடங்கினாள்.

"வண்டி நான்காம் மாடியை..." டோனா ஃபெலிஸ்மினா குனிந்து சட்டையைப் பார்த்தாள். ஒரு பொட்டும் இல்லை. "நான்காம் மாடியைச் சுத்தமாகக் கடந்தது!"

அதற்குப் பிறகு ஐந்து, ஆறு, ஏழு என்று தெருவே சேர்ந்து எண்ணியது. கூடை பால்கனிக் கம்பிக்கு நேராக வந்து நின்றபோது ஒலிந்தா கைப்பிடியை விட்டுவிட்டு ஒதுங்கினாள்.

"நீங்களே பாருங்க சார்."

அபிலியோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். குழம்பு விளிம்பில் அப்படியே பிதுங்கி நின்றது. கூடையின் பிரம்பைத் தடவினார். காய்ந்திருந்தது. சந்தேகம் தீராமல் குழம்பில் விரலை விட்டு நக்கினார். கண்ணில் நீர் முட்டியது. அது காரத்தாலா வேறெதனாலா என்று யாரும் கேட்கவில்லை.

அவர் கம்பியோரம் போய்க் கீழே பார்த்துக் கையை உயர்த்தினார். "சிந்தல!" என்றார். டோனா ஃபெலிஸ்மினாவுக்குப் பக்கத்தில் அவர் குரல் பூனைக்குட்டிபோல் ஒலித்தது. அவள் அதை வாங்கித் தெருவுக்குக் கொடுத்தாள். "சி-ந்-த-ல!"

விசிலும் கைதட்டலும் எட்டு மாடியும் ஏறி வந்தன. பஸ் டிரைவர் வண்டிக்குள் ஓடிப்போய் ஹாரனை அழுத்திப் பிடித்தார். ஸைதா மஞ்சள் துணியைத் தலையிலிருந்து அவிழ்த்துச் சுழற்றி ஆடினாள். ஒலிந்தா அப்போதுதான் மூச்சு விட்டாள். புது ஊரில் அவள் பெயரை யாரோ ஒருவர் கீழேயிருந்து கூப்பிட்டார். பிறகு இன்னொருவர். பிறகு பலர்.

அபிலியோ சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சங்கத் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். கூடை அசையும்போது கீழே ஆள் நிற்கக் கூடாது. பலத்த காற்றில் ஓட்டக் கூடாது. ஓட்டும் உரிமை ஒலிந்தா சிவாம்போவுக்கும் அவள் பழக்கி விடுபவர்களுக்கும் மட்டும். கொஞ்சம் யோசித்து, தலை நிமிராமலேயே கேட்டார்:

"நாலாம் மாடில நிறுத்த முடியுமா?"

"முடியும் சார். சட்டையக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

முதல் நிஜச் சாப்பாடு அந்த மத்தியானமே ஏறியது. இரண்டு முழுக்கோழி, வறுவல், ஸைதா தன் கணக்கில் சேர்த்து வைத்த பாவ் ரொட்டி. ஒலிந்தாவின் வீட்டில் நாற்காலிகள் இன்னும் வந்திருக்கவில்லை. மூவரும் அட்டைப்பெட்டிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அபிலியோ கல்யாணச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்துப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு, போட்டிருந்த சட்டையையும் கழற்றிப் பனியனோடு உட்கார்ந்தார்.

டோனா ஃபெலிஸ்மினா பொட்டலத்தைப் பிரித்தாள். ஆவி முகத்தில் அடித்தது. ஒரு துண்டைப் பிய்க்கப் போய் "ஸ்ஸ்!" என்று கையை உதறினாள். சுட்ட விரல்நுனியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். சிவந்திருந்தது. அவள் முகம் அதைப் பார்த்து மெல்ல மெல்ல மலர்ந்ததை ஒலிந்தா பார்த்தாள். தோல் மொறுமொறுவென்று உடைந்தது. சாறு மணிக்கட்டில் வழிந்தது. இந்த முறை அவள் "நல்லா இருக்கு" என்று சொல்லவில்லை. மூன்று நடைமேடைக்கும் கேட்கப் பேசுகிற அந்த வாய் எலும்பை உறிஞ்சுவதில் மும்முரமாக இருந்தது.

வெளியே யாரோ பால்கனிக் கம்பியைக் கரண்டியால் தட்டினார்கள். ஒலிந்தா எட்டிப் பார்த்தாள். ஆறாம் மாடிப் பெண் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் தட்டும் கரண்டியுமாக நின்றாள். ஏழாம் மாடியில் இரண்டு தட்டுகள். ஐந்தில் ஒரு முழுக் குடும்பம். கீழே ஸைதா புதுக் கரி கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா கிரேன்காரி!" என்றாள் ஆறாம் மாடிப் பெண். "எங்களுக்கெல்லாம் எப்ப?"

"இப்பவே!" என்று வாய் நிறையக் கோழியோடு சொல்லிவிட்டு, ஒலிந்தா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.